நாசர் ஸ்கொயர் எங்கே இருக்கிறது? (துபாயின் பழைய பக்கம், இரண்டு நாள் தங்கல்)

கொள்ளிடக்கரை | நவம்பர் 9, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் லண்டனில் உள்ள நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கல். நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார். அத்தைக்கு 71 வயது, மூட்டு வலி உண்டு.

மகனுக்குப் புர்ஜ் கலீஃபாவும் மீன் காட்சியகமும் போதும். அத்தை கேட்பது வேறு. மாமா 1981 முதல் 1999 வரை அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவார். அத்தை ஒருமுறைகூட அங்கே போனதில்லை. மாமா தவறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. "உயரமான கட்டடத்தை டிவியிலேயே பார்த்துவிட்டேன். அவர் இருந்த இடத்தைக் காட்டுங்கள்" என்கிறார்.

கையில் இருப்பவை பழைய கடிதங்கள் மட்டும். முகவரியில் ஓர் அஞ்சல் பெட்டி எண், அதன்கீழ் 'டேரா, துபாய்', அவ்வளவுதான். கடிதங்களுக்குள் சில பெயர்கள் வருகின்றன: 'நாசர் ஸ்கொயரிலிருந்து நடக்கிற தூரம்', 'முர்சித்துக் கடை', 'வெள்ளிக்கிழமை அப்ரா ஏறிக் கோயிலுக்குப் போனோம்'. வரைபடத்தில் நாசர் ஸ்கொயர் என்று தேடினால் எதுவும் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?


மழைக்குருவி | நவம்பர் 9, இரவு 10.02

சகோதரி, மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் டேராவில் பார்க்க ஒன்றுமில்லை. 2022இல் போனேன். நெரிசல், வியர்வை, பத்தடிக்கு ஒருவர் காதருகே வந்து "வாட்ச், வாட்ச்" என்று முணுமுணுப்பார். ஒரு கடைக்காரர் என் அனுமதி கேட்காமலே தலையில் துண்டைக் கட்டி, கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். இன்னொரு கடையில் வாங்கிய குங்குமப்பூ வீட்டில் பாலில் போட்டவுடன் ஒரே நொடியில் செக்கச்செவேலென்று சாயம் விட்டது. மணமே இல்லை.

பழைமை வேண்டும் என்றால் நம் ஊரில் இல்லாததா? அங்கே 'வரலாற்றுச் சிறப்புமிக்க' ஆட்சியாளர் மாளிகை என்று காட்டுவது 1896இல் கட்டியதாம். நம் கணக்கில் அது நேற்று. இரண்டு நாளையும் புதிய பகுதியான துபாய் மெரினா பக்கம் செலவழியுங்கள்.


பழைய_டேரா | நவம்பர் 10, காலை 6.31

மழைக்குருவி அவர்களே, குங்குமப்பூ ஏமாற்றியது கடைக்காரர், ஊர் அல்ல.

கொள்ளிடக்கரை அம்மா, நான் 1978இல் போய் 2004இல் திரும்பியவன். நாசர் ஸ்கொயர் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. எகிப்தின் ஜமால் அப்துல் நாசர் பெயரில் இருந்த சதுக்கம். இப்போது பனியாஸ் ஸ்கொயர். எங்கள் தலைமுறையில் யாரும் பனியாஸ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மெட்ரோ பச்சைத் தடத்தில் அதே பெயரில் நிலையமே இருக்கிறது. வெளியே வந்தால் உருளை வடிவில் ஓர் உயரமான கட்டடம், தலையில் வெள்ளையாக ஒரு வளையம் வைத்தது போல. அதுதான் டேரா டவர். அதைப் பார்த்துவிட்டால் இடம் சரி.

'முர்சித்துக் கடை' என்பது முதலாளியின் பெயர் அல்ல. முர்ஷித் பஜார். டேராவின் மொத்தத் துணி வியாபாரம் நடக்கும் இடம். சதுக்கத்திலிருந்து, ஊரை இரண்டாகப் பிரிக்கும் கடற்கழியை இடக்கைப் பக்கம் விட்டு, தங்க பஜார் திசையில் நடந்தால் வந்துவிடும். உங்கள் மாமா அங்கேதான் நின்றிருப்பார்.

பெட்டி எண்ணை வைத்துத் தேடாதீர்கள். அந்த ஊரில் தபால்காரர் வீட்டுக்கு வந்து கடிதம் கொடுக்கும் வழக்கமே கிடையாது. கம்பெனிக்கு ஒரு பெட்டி தபால் நிலையத்தில் இருக்கும், பையன் ஒருவன் போய்த் திறந்து எடுத்து வருவான். என் ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்கு ஒரே பெட்டி எண். வெள்ளிக்கிழமை காலை கடையின் பின்பக்கம் கடிதம் பிரிக்கும்போது பார்க்க வேண்டும். வராதவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டோம்.


கொள்ளிடக்கரை | நவம்பர் 10, காலை 8.45

ஐயா, கைகூப்புகிறேன். 'முர்சித்து' என்பவர் முதலாளி என்றே முப்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறோம். அத்தை அவருக்காக ஒருமுறை அதிரசம்கூடச் சுட்டு அனுப்பியிருக்கிறார்.


பழைய_டேரா | நவம்பர் 10, காலை 9.10

அதிரசம் வீணாகியிருக்காது. அறையில் எட்டுப் பேர் இருந்திருப்போம்.


கராமா_வாசி | நவம்பர் 10, மதியம் 1.20

பதினோரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி நல்ல காலம். ஆனாலும் மதியம் ஒன்று முதல் நான்கு வரை பஜார் கடைகள் பல மூடியிருக்கும். நான்கரைக்குப் பிறகு போங்கள். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்ரா என்பது கழியைக் கடக்கும் சிறு மரப்படகு. அதற்கு டிக்கெட், அட்டை எதுவும் வேண்டாம். ஒரு திர்ஹம் நாணயம், படகோட்டி கையில் நேரே கொடுக்க வேண்டும். நடுவில் பலகை, அதில் முதுகோடு முதுகு சாய்த்து, தண்ணீரைப் பார்த்தபடி சுமார் இருபது பேர் உட்காரலாம். ஓட்டுபவர் நடுவில் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருப்பார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி எதுவும் கிடையாது. மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சிரமம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வருபவர்கள் அவசரமாக ஏறுவார்கள். ஐந்துக்கு முன் போங்கள், படகோட்டியிடம் "மெதுவாக" என்று சைகை காட்டினால் கை கொடுத்து இறக்குவார். முடியாது என்று தோன்றினால் மெட்ரோ இருக்கிறது. அல் ராஸ் நிலையத்துக்கும் குபைபா நிலையத்துக்கும் நடுவே கழியின் அடியிலேயே போகிறது. ஆனால் அதில் ஒன்றும் தெரியாது.

டேரா பக்கம் சப்கா படகுத்துறையில் ஏறினால் எதிர்க்கரையில் பர் துபாய் பழைய பஜாரில் விடுவார்கள். மரக்கூரை போட்ட துணிக்கடைத் தெரு. அதைத் தாண்டினால் இந்தி லேன் என்று ஒரு குறுகிய சந்து: பூச்சரம், தேங்காய், சூடம், விளக்கு, சாமி படம். உங்கள் மாமா வெள்ளிக்கிழமை போன கோயில் அங்கேதான் இருந்தது, 1958 முதல். ஒரு வருத்தமான செய்தி: சிவன் கோயிலும் குருதர்பார் என்ற சிந்தி வழிபாட்டுக் கூடமும் 2024 ஜனவரியில் தொலைவில் உள்ள ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஜெபல் அலியில் பெரிய புதுக் கோயில், பளிங்குத் தரை, வண்டி நிறுத்த இடம், எல்லா வசதியும் உண்டு. அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஞாயிறு மாலை சப்கா, நைஃப் பக்கம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். முன்பு வெள்ளி, 2022இல் வார விடுமுறை மாறியதிலிருந்து ஞாயிறு. 'அசல் துபாய்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் பயணிகளைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. அனுமதியில்லாமல் படமெடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்திருப்பவரை ஏன் காட்சிப்பொருள் ஆக்க வேண்டும்?


சுண்ணாம்புக்கல் | நவம்பர் 10, இரவு 11.48

மழைக்குருவி '1896 நேற்று' என்றதைப் படித்துச் சிரித்தேன். பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் என்பதால் நானே அவருக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுகிறேன்: அந்த மாளிகையும் பெரும்பாலும் மறுகட்டுமானம்தான். அது இருக்கும் ஷிந்தகா பகுதியில் இன்று காணும் சுவர்களில் எது பழையது, எது பழைய அளவில் புதிதாக எழுப்பியது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை: அல் சீஃப் என்று ஓர் இடம் இருக்கிறது. கழிக்கரையிலேயே, மண்நிறச் சுவர், துருத்திய மரக்கழிகள், காற்றுக்கோபுரம், உதிர்ந்தது போன்ற பூச்சு. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு 'பழைய துபாய்' என்று போடாதவர்களே இல்லை. அது 2017இல் திறந்தது. உதிர்ந்த பூச்சும் அப்படியே திட்டமிட்டுப் பூசியது. கெட்ட இடம் அல்ல, மாலையில் நடக்க இனிமையாக இருக்கும், கழிப்பறை சுத்தம். ஆனால் அங்கே பார்ப்பதைப் பழைமை என்று நம்பி ஊர் திரும்பாதீர்கள்.

அதையடுத்து நடந்தால் அல் ஃபஹீதி. பழையவர்கள் பஸ்தகியா என்பார்கள். ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய குடியிருப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகக் கரையில் சுங்க வரி ஏற, துபாய் ஆட்சியாளர் இந்தப் பக்கம் வரியைத் தளர்த்த, அவர்கள் குடும்பத்தோடு கடல் தாண்டிவிட்டார்கள். கடலிலிருந்து வெட்டிய பவளக்கல், ஜிப்சச் சாந்து, கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த கண்டல் மரக்கழி. அறைகளின் அகலத்தைக் கவனியுங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மரக்கழியின் நீளம் அவ்வளவுதான்.

காற்றுக்கோபுரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே நான்கு பக்கமும் திறப்பு. உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு சுவர். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தக் குறுக்குச் சுவரில் மோதிக் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத் திறப்பு வழியாக அறையின் வெப்பக் காற்று மேலேறும். ஈரத்துணி தொங்கவிட்டால் இன்னும் குளிர்ச்சி. மின்சாரம் இல்லாத ஊரில் ஜூலை மாதத்தை இதை வைத்துத்தான் கடந்தார்கள்.

இந்தக் குடியிருப்பும் தப்பியது அதிர்ஷ்டம். 1980களில் பாதியை அலுவலகம் கட்ட இடித்துவிட்டார்கள். மீதியையும் இடிக்க இருந்த நேரத்தில் அங்கே ஒரு பழைய வீட்டில் குடியிருந்த ரேய்னர் ஆட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் போராட்டம் தொடங்கினார். 1989இல் இளவரசர் சார்ல்ஸ் துபாய் வந்தபோது இந்தச் சந்துகளை நடந்து பார்த்தார். இடிப்பு நின்றது. ஆக, அரபுக் கரையில் பாரசீகர் கட்டியதை ஆங்கிலேயர் காப்பாற்றியதுதான் 'அசல் துபாய்'. இதில் அசல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது அங்கே யாரும் குடியிருப்பதில்லை. அருங்காட்சியகம், ஓவியக்கூடம், தேநீர்க்கடை. சுவர் பழையது, வாழ்க்கை போய்விட்டது. டேராவில் அப்படியே தலைகீழ். கட்டடங்கள் 1970களின் சாதாரண சிமெண்டுப் பெட்டிகள், ஒரு கட்டடக்கலை மாணவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் உள்ளே நடக்கும் வேலை நூறாண்டு பழையது.


மழைக்குருவி | நவம்பர் 11, காலை 7.55

ஒப்புக்கொள்கிறேன், நான் படமெடுத்துப் போட்டது அல் சீஃபில்தான்.


கீழக்கரையான் | நவம்பர் 11, இரவு 8.30

சுண்ணாம்புக்கல் சொன்ன 'வேலை' பற்றி. எங்கள் பாட்டனார் 1963இல் பம்பாயிலிருந்து கப்பல் ஏறிப் போனவர். அப்போது துறைமுகம் கிடையாது. ரஷீத் துறைமுகம் 1972இல்தான் வந்தது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மூட்டை முடிச்சோடு சிறு படகில் இறங்கிக் கழிக்குள் வர வேண்டும். அந்தக் கழியும் மணல் மேவி மூடிக்கொண்டிருந்ததாம். குவைத்திடம் கடன் வாங்கி 1959இல் தூர்வாரத் தொடங்கி 1961இல் முடித்திருந்தார்கள். எண்ணெய் கண்டெடுத்தது 1966. ஆகவே 'எண்ணெயால் வந்த ஊர்' என்று சொல்பவர்களிடம் இந்த ஆண்டுகளை எடுத்து நீட்டுவது எனக்குப் பழக்கம். முதலில் கழி, பிறகுதான் எண்ணெய்.

அவர் சம்பளம் வாங்கியது நம் ரிசர்வ் வங்கி அச்சிட்ட வளைகுடா ரூபாயில். 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஒரே நாளில் எல்லோர் சேமிப்பும் சுருங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் ரூபாயைக் கைவிட்டது. திர்ஹம் வந்தது 1973இல்.

தங்க பஜார் ஏன் டேராவில் இவ்வளவு பெரிதானது? நம்மால்தான். இங்கே தங்க இறக்குமதிக்குத் தடையும் 1968இன் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருந்த காலத்தில், லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் முறைப்படி வந்து இறங்கிய தங்கக் கட்டிகள் இரவில் பாய்மரப் படகேறி நம் கரைக்கு வந்தன. இந்தப் பக்கம் அதற்குக் கடத்தல் என்று பெயர். அந்தப் பக்கம் மறுஏற்றுமதி, கணக்குப் புத்தகத்தில் எழுதிச் செய்த வியாபாரம்.

வாங்குவதாக இருந்தால்: கிராம் விலை அன்றைய விலை, பலகையில் போட்டிருக்கும், எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பேரம் செய்கூலியில் மட்டும். இன்னொன்று, நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான். இரண்டு நாள் போய்வருபவருக்கு இல்லை. ஊரில் போட்டுக்கொண்டு போன நகையையே போட்டுக்கொண்டு திரும்புங்கள்.

ரமலானில் போக வாய்த்தால் டேராவில் நம் ஊர்க்காரர்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். எந்த நாட்டுக்காரரும் வரிசையில் நிற்கலாம். ஜனவரியில் கிடைக்காது, சும்மா சொல்லிவைத்தேன்.


பழைய_டேரா | நவம்பர் 12, காலை 6.15

கீழக்கரைத் தம்பி, அந்தக் கஞ்சி வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், விபூதியோடு. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அப்ராவுக்கு ஐம்பது பில்ஸ், அதாவது அரை திர்ஹம், கொடுத்த காலத்து ஆள் நான். அம்மா, உங்கள் அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். நாங்கள் கடிதத்தில் ஊரை அழகாக எழுதுவோம். அறையில் மூட்டைப்பூச்சி, ஒரு கட்டிலில் இரண்டு வேளை ஆள் மாறிப் படுப்பது, இதெல்லாம் எழுத மாட்டோம். ஆகவே கடிதத்தில் இருப்பதை அங்கே தேடினால் கிடைக்காது.


கொள்ளிடக்கரை | ஜனவரி 27, இரவு 10.20

திரும்பி வந்துவிட்டோம். உதவிய எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நாள் மகனுக்கு. புர்ஜ் கலீஃபாவின் உச்சியில் அவன் கேட்ட ஒரே கேள்வி, "கீழே கடை எப்போது மூடுவார்கள்?" அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் மாலை நான்கரைக்குப் பனியாஸ் ஸ்கொயரில் இறங்கினோம். வெளியே வந்ததும் உருளைக் கட்டடம். அத்தை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா ஸ்கொயர்? நம் காந்தி பூங்கா அளவுகூட இல்லையே" என்றார். குரலில் கோபம். பதினெட்டு ஆண்டுக் கடிதங்களில் அது கடல் போல இருந்திருக்கிறது. பழைய_டேரா ஐயா எழுதியதை அப்போதுதான் படித்துக் காட்டினேன். கட்டில் விஷயம் வந்ததும் "அது தெரியும்" என்று மட்டும் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

முர்ஷித் பஜார் வரை மெதுவாக நடந்தோம். கைவண்டிகளில் துணிப் பொதிகள், ஆப்பிரிக்க நாட்டுப் பெண்கள் கட்டுக் கட்டாக எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடையின் பெயர் எங்களுக்குத் தெரியாது, ஆகவே எந்தக் கடை என்று கண்டுபிடிக்கவில்லை. அத்தை ஒரு கடையில் நுழைந்து, நீலக் கட்டம் போட்ட சட்டைத்துணியில் இரண்டரை மீட்டர் கேட்டார். கடைக்காரர் மலையாளி, தமிழிலேயே பேசினார். வெட்டிக் கொடுக்க மாட்டோம் அம்மா, மொத்த விலைக் கடை, முழுக் கட்டாகத்தான் என்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காரணம் சொன்னார். மாமா விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒரு முழுக் கட்டுத் துணி கொண்டுவருவாராம். தெருவிலுள்ள பதினான்கு பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் சட்டை. என் கணவருக்குப் பள்ளியில் அதனால் பட்டப்பெயரே உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். ஏன் மனிதர் ஆளுக்கொரு நிறமாக வாங்கி வரவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக மனத்தில் குறை இருந்திருக்கிறது.

அப்ராவில் ஏறினார். படகோட்டி வங்கதேசத்துப் பையன், இரண்டு கையையும் பிடித்து இறக்கினான். எதிர்க்கரையில் கோயில் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்தி லேனில் மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மூடியிருந்த ஒரு கதவைப் பார்த்துக் கும்பிட்டார். அது கோயில் கதவுதானா என்று எனக்குச் சந்தேகம். சொல்லவில்லை.

பஸ்தகியாவுக்குப் போக நேரமில்லை, சுண்ணாம்புக்கல் மன்னிக்கவும். அல் சீஃபில் கழிப்பறைக்குப் போனோம். நீங்கள் சொன்னது சரி, சுத்தம்.


மழைக்குருவி | ஜனவரி 28, காலை 8.05

சகோதரி, மார்ச்சில் அம்மாவோடு போகிறேன். பனியாஸ் ஸ்கொயர் நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வந்தீர்கள்?


கொள்ளிடக்கரை | ஜனவரி 28, காலை 9.30

வாசல் எண்ணைக் கவனிக்கவில்லை. தவறான பக்கம் ஏறி ஒருமுறை திரும்பவும் இறங்கினோம். உருளைக் கட்டடம் கண்ணில் பட்டால் சரியான பக்கம். மின்தூக்கி இருக்கிறது, அம்மாவைப் படியேற வைக்காதீர்கள்.